வீட்டில் பட்ஜி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்ஜி என்னும் சின்ன ஆஸ்திரேலியக் கிளியை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்தப் பறவையின் ஒவ்வொரு பழக்கத்துக்கும் அதன் சொந்த மண்ணில் ஒரு காரணம் உண்டு. அதனால் பல பதில்கள் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவிட்டுத்தான் உங்கள் வீட்டு வராந்தாவுக்கு வந்து சேரும்.

கடையில் ‘லவ் பேர்ட்ஸ்’ என்று விற்கிறார்களே, அதுதான் பட்ஜியா?

பெரும்பாலும் அதுதான். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையிலிருந்து உங்கள் ஊர் மீன்தொட்டிக் கடை வரை ‘லவ் பேர்ட்ஸ் ஜோடி’ என்று கூண்டு கூண்டாக விற்பது பட்ஜெரிகர். பிடரியிலும் முதுகிலும் கறுப்பு அலைக்கோடுகள், தொண்டையில் கரும்புள்ளிகள், நீண்ட வால் ஆகியவை அடையாளம். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்கப் பறவை; வால் குட்டை, அலகு பருமன். கடைக்காரர்கள் அதை ‘ஆப்பிரிக்கன்’ என்று தனியாகச் சொல்லி, விலையும் தனியாகச் சொல்வார்கள். இரண்டையும் ஒரே கூண்டில் விட்டுவிடாதீர்கள். ஆப்பிரிக்கன் சண்டைக்காரப் பறவை, பட்ஜியின் கால்விரலைக் கடித்தே துண்டித்துவிடும்.

கிளி வளர்த்தால் வனத்துறை பிடிக்கும் என்கிறார்கள். இதை வளர்க்கலாமா?

வளர்க்கலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுப்பது நம் நாட்டுக் கிளிகளை: செந்தார்ப் பைங்கிளி, பெரிய பச்சைக்கிளி போன்றவற்றை. கிளி ஜோசியக்காரரின் பெட்டிக்குள் இருப்பதும் சட்டப்படி குற்றந்தான். பட்ஜி வெளிநாட்டுப் பறவை. அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை ஏறக்குறைய எல்லாக் கிளிகளையும் பட்டியலில் வைத்திருக்கிறது. விலக்கு பெற்ற நான்கு இனங்களில் பட்ஜி ஒன்று. ஆஸ்திரேலியா தன் பறவைகளை வணிகத்துக்காக வெளியே அனுப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டது. கடையில் நீங்கள் பார்ப்பதெல்லாம் பல தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை.

அதன் சொந்த ஊரில் எப்படி வாழ்கிறது?

ஆஸ்திரேலியாவின் உள்நாடு வறண்ட பூமி. மழை எப்போது பெய்யும், எங்கே பெய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. பெய்த இடத்தில் புல் முளைக்கும், சில வாரத்தில் விதை பிடிக்கும், பிறகு காய்ந்து போகும். அந்த விதையைத் தேடி ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கும் நாடோடிக் கூட்டந்தான் பட்ஜி. நல்ல மழை ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான பறவைகள் ஒரே பச்சைத் திரளாக நீர்நிலைகளில் இறங்கி, ஒரு மிடறு குடித்து, ஒன்றாகத் திரும்பி எழும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரைச் சுற்றிய பகுதியில் இதைப் படமெடுக்கவே ஆட்கள் காத்துக் கிடப்பார்கள்.

காலையில் தரையில் நடந்து புல்விதை பொறுக்கும். உச்சிப்பொழுதில் மர நிழலில் அசையாமல் அமர்ந்திருக்கும். வெயில் தாழ்ந்ததும் மறுபடி இரை. யூகலிப்டஸ் மரப்பொந்துதான் கூடு. வைக்கோலோ பஞ்சோ கொண்டுவந்து அடுக்கும் வழக்கமில்லை, உளுத்த மரத்தூளின் மேல் அப்படியே முட்டையிடும். ஒரே மரத்தில் பல ஜோடிகள் குடியிருக்கும். இனப்பெருக்கத்துக்கு மழையும் விதையுமே அழைப்பு. தீனி இருக்கும் வரை அடுத்தடுத்துக் குஞ்சு பொரித்துக்கொண்டே போகும். இந்தக் கடைசிச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பானை பற்றிய கேள்விக்கு வேண்டியிருக்கும்.

இந்த இனத்துக்கு 1805இல் அறிவியல் பெயர் வைத்தவர் ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா. 1840இல் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தவர் பறவையியலாளர் ஜான் கூல்ட். அப்போது வந்தவை எல்லாம் பச்சைதான். நீலம், வெள்ளை, மஞ்சள் எல்லாம் பிறகு கூண்டுகளில் தோன்றிய மரபுபிறழ்வுகள்.

நீலப் பறவை பச்சையை விட நோஞ்சான் என்பது உண்மையா?

இல்லை. பட்ஜியின் பச்சை என்பது மஞ்சள் நிறமியும் இறகின் அமைப்பு தரும் நீலமும் சேர்ந்தது. மஞ்சள் நிறமியை உருவாக்கும் மரபணு வேலை செய்யாவிட்டால் நீலம் மட்டும் எஞ்சும். அந்த மஞ்சளைப் பறவையின் உடலே தயாரித்துக்கொள்கிறது, தீனியிலிருந்து வருவதில்லை. ஆகவே ‘நிறம் ஏற்றும் தீவனம்’ என்று யாராவது பொட்டலம் நீட்டினால் வாங்காதீர்கள்.

கடையில் எப்படிப் பார்த்து எடுப்பது?

வயதைக் கணிக்க நெற்றியைப் பாருங்கள். குஞ்சுப் பறவைக்கு கறுப்புக் கோடுகள் அலகு வரை இறங்கியிருக்கும், கண் முழுக்கக் கறுப்பாக இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி வெளுத்துவிடும். பிறகு கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். கையில் பழக்க வேண்டுமானால் கோடு மறையாத பறவையே நல்லது.

பிறகு சற்றுத் தள்ளி நின்று ஐந்து நிமிடம் கவனியுங்கள். நீங்கள் கூண்டருகே போனால் நோயாளிப் பறவைகூட நிமிர்ந்து நடிக்கும். இறகை உப்பிக்கொண்டு மூலையில் கிடப்பது, கழிவாய் அருகே எச்சம் ஒட்டியிருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பறவை மட்டுமல்ல, அந்தக் கூண்டே வேண்டாம்.

ஆணா பெண்ணா என்று எப்படித் தெரியும்?

அலகுக்கு மேலே மூக்குத்துளைகளைச் சுற்றி ஒரு சதைப்பட்டை இருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது பளிச்சென்ற நீலம். பெண்ணுக்கு வெளிறிய நிறம். முட்டையிடும் பருவத்தில் தடித்துப் பழுப்பாகிவிடும். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கும் அந்தப் பட்டை இளஞ்சிவப்பாகவே நின்றுவிடுவதால் குழப்பம் வரும். குஞ்சுகளில் மூக்குத்துளையைச் சுற்றி வெண்வளையம் இருந்தால் பெண்ணாக இருக்க வாய்ப்பு அதிகம். வயதான ஆணின் நீலப்பட்டை திடீரெனப் பழுப்பானால் அழகு பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். விரைக்கட்டியின் அறிகுறியாக இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் வளர்க்கலாமா?

நாள் முழுக்க வீட்டில் ஆள் இருந்து, பேசிக்கொண்டே இருப்பீர்கள் என்றால் வளர்க்கலாம். காலை எட்டு மணிக்குப் பூட்டிவிட்டுப் போய் மாலை ஏழு மணிக்குத் திரும்பும் வீட்டில் ஒற்றைப் பட்ஜி வைப்பது கொடுமை. கூட்டத்தை விட்டுத் தனித்த பறவைக்கு அதன் ஊரில் பருந்து வாயில்தான் முடிவு, அதனால் தனிமை என்றாலே அதற்குப் பயம். கண்ணாடி ஒன்றைத் தொங்கவிட்டால் போதும் என்பார்கள். பறவை அந்தப் பிம்பத்துக்கு இரையைக் கக்கி ஊட்டிக்கொண்டே கிடக்கும், அவ்வளவுதான் பயன்.

ஜோடி என்றால் ஆணும் பெண்ணுமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டு ஆண்கள் ஒற்றுமையாக இருக்கும், முட்டைத் தொல்லையும் கிடையாது. இரண்டு பெண்களை நெருக்கடியான கூண்டில் அடைப்பதுதான் ஆபத்து. இந்த இனத்தில் வீட்டு அதிகாரம் பெண்ணிடம்.

கூண்டு எவ்வளவு பெரிது வேண்டும்?

பட்ஜி குறுக்கே பறக்கும் பறவை, மேலே ஏறிப் பறக்காது. எனவே உயரத்தை விட நீளம் முக்கியம். இரண்டு பறவைக்குக் குறைந்தது 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். கம்பிகளுக்கு இடைவெளி 12 மி.மீ.க்கு மேல் இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும். கோபுர வடிவ வட்டக் கூண்டு மனிதர் கண்ணுக்கு அழகு, பறவைக்குப் பயனில்லை. கூண்டோடு வரும் வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியைக் கழற்றிவிட்டு, வேப்பங்கிளை, கொய்யாக்கிளை போன்றவற்றைத் தடிமன் மாற்றி மாற்றிக் கட்டுங்கள். பாதம் புண்ணாகாது, பட்டையை உரித்துக் கடிப்பதில் பொழுதும் போகும்.

என்ன தீவனம் கொடுப்பது?

தினைதான் அடிப்படை. தினைப்புனத்தில் கிளி ஓட்டிய பழைய தமிழ்ப் பெண்கள் வேறு கிளியை ஓட்டினார்கள் என்றாலும், பட்ஜிக்கும் அதே ருசிதான். தினையுடன் பனிவரகு, சாமை, கொஞ்சம் கம்பு, கிடைத்தால் கனாரி விதை கலந்து கொடுங்கள். ஒரு பறவைக்கு நாளொன்றுக்கு ஒன்றரை, இரண்டு தேக்கரண்டி போதும். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். பழக்குவதற்குக் கையில் வைத்து ஒன்றிரண்டு கொடுக்கலாம், கிண்ணத்தில் கொட்டக் கூடாது.

வெறும் தினை மட்டும் தின்று வருடக்கணக்கில் வாழும் பறவைகள் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ குறையும், அயோடின் குறைந்து தொண்டைச் சுரப்பி வீங்கும், ஈரல் கொழுக்கும். காட்டில் அது தின்பது பாதி பழுத்த பால்பிடித்த விதை. நாம் போடுவது மூட்டையில் காய்ந்தது. அந்தக் குறையைக் கீரையால் நிரப்ப வேண்டும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, சிறுகீரை, அருகம்புல், துருவிய கேரட், முளைகட்டிய கம்பு, முளைப்பயறு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். சந்தைக் கீரையில் பூச்சிமருந்து இருக்கும், நன்றாக அலசுங்கள். முதல் நாள் தொடாது, பத்தாவது நாளும் தொடாமல் இருக்கலாம். கீரைக் கொத்தை ஈரத்தோடு கூண்டின் மேல்கம்பியில் கட்டுங்கள். முதலில் அதில் தலையைத் துவட்டிக் குளிக்கும், பிறகு ஒரு இலையைக் கிள்ளிப் பார்க்கும்.

சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு ஒன்றைக் கம்பியில் செருகிவையுங்கள். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டாலும் கிடைக்கும். மணல், கல் எதுவும் தேவையில்லை. புறா விதையை முழுசாக விழுங்கும், அதை அரைக்க அதற்குக் கல் வேண்டும். பட்ஜி தோலை உரித்துப் பருப்பை மட்டும் தின்னும்.

கிண்ணம் நிறையத் தீனி இருக்கிறது, ஆனாலும் பறவை மெலிகிறதே?

கிண்ணத்தை எடுத்து லேசாக ஊதிப் பாருங்கள். மேலே மிதப்பது வெறும் உமி. பட்ஜி உரித்த தோலைக் கிண்ணத்திலேயே உதிர்க்கும். தினையின் உமி தினை போலவே பளபளக்கும். நிறைந்த கிண்ணத்தைப் பார்த்து நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள், அடியில் ஒரு விதைகூட இருக்காது. ஊருக்குப் போகும்போது ‘மூன்று நாளுக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன்’ என்று சொல்லிப் போனவர்கள் வீட்டில் பறவை பட்டினியால் சாவது இப்படித்தான். தினமும் காலையில் உமியை ஊதித் தள்ளிவிட்டுப் புதுத் தீனி சேருங்கள்.

எதைக் கொடுக்கவே கூடாது?

அவகாடோ, சாக்லேட், காபி, தேநீர், மது. உப்புப் போட்ட முறுக்கு, மிக்சர், சிப்ஸ். வெங்காயம், பூண்டு. ஆப்பிள் துண்டு தரலாம், விதையை எடுத்துவிட்டு. வீட்டுக்கு வந்த மாமா பாசத்தோடு நீட்டும் பிஸ்கட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரே குடிப்பதில்லை போலிருக்கிறதே?

குடிக்கும், கொஞ்சமாக. வறண்ட நிலப் பறவை என்பதால் நீரைச் சிக்கனமாகச் செலவிடும் உடம்பு. அதற்காகக் கிண்ணத்தைக் காயவிடக் கூடாது. தினமும் மாற்றுங்கள், எச்சம் விழாதபடி கிளைக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

கோடையைத் தாங்குமா?

சூட்டுக்குப் பழகியதுதானே என்று மொட்டைமாடியில் தகரக்கூரைக்குக் கீழே வைத்துவிடுகிறார்கள். அதன் ஊரில் வெயில் ஏறினால் நிழல் தேடிப் பறக்க முடியும். உங்கள் கூண்டில் முடியாது. அந்த ஊரிலேயே வெயில் மீறிப்போனால் சாகும். 1932 ஜனவரியில் மத்திய ஆஸ்திரேலியாவில் அடித்த அனலில் பட்ஜிகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன.

அலகைத் திறந்து மூச்சிரைத்து, இறக்கையை உடலிலிருந்து விலக்கிப் பிடித்திருந்தால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். கால்களை நனையுங்கள், மெல்லத் தண்ணீர் தெளியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். சித்திரை, வைகாசி மாதங்களில் தட்டையான தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் வைத்தால் தானே குளித்துக்கொள்ளும்.

பானை கட்டலாமா? எப்போது குஞ்சு பொரிக்கும்?

வாங்கிய அன்றே கடைக்காரர், முட்டையிடும் பொந்தாக, ஒரு மண்பானையையும் கையில் திணித்துவிடுவார். என் கருத்து தெளிவானது: குஞ்சுகளை என்ன செய்யப் போகிறீர்கள் என்று பதில் தெரியாதவர்கள் பானை கட்டக் கூடாது.

காரணம் மேலே சொன்னதுதான். பொந்தும் தீனியும் இருந்தால் மழைக்காலம் வந்துவிட்டதாகவே அந்தப் பெண் பறவைக்குப் படும். காட்டில் மழை ஓய்ந்ததும் விதை தீரும், கூடு கலையும், உடம்பு தேறும். உங்கள் வீட்டில் மழை ஓய்வதே இல்லை. ஆண்டு முழுவதும் தினையும் பானையும் கிடைப்பதால் ஈடு மேல் ஈடு முட்டையிட்டு, எலும்பிலுள்ள சுண்ணாம்பெல்லாம் கரைந்து, கடைசியில் ஒரு முட்டை வெளியே வராமல் சிக்கிச் சாகும். ‘நன்றாகத்தான் இருந்தது, காலையில் பார்த்தால் கூண்டடியில் கிடந்தது’ என்று சொல்லப்படும் பெண் பறவைகளில் பல இப்படிப் போனவை.

வேண்டும் என்றே தீர்மானித்தால், இரண்டுக்கும் ஒரு வயதாவது நிறைந்திருக்க வேண்டும். ஒரே ஈட்டில் பிறந்த அண்ணன் தங்கையாக இருக்கக் கூடாது. ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கிலிருந்து ஆறு முட்டை. அடைகாப்பது பெண் மட்டும், ஆண் வெளியே நின்று ஊட்டும். ஏறத்தாழ 18 நாளில் முதல் குஞ்சு. முட்டைகள் வந்த வரிசையிலேயே பொரிவதால், கண் திறந்த குஞ்சும் அன்று பிறந்த குஞ்சும் ஒரே பானையில் கிடக்கும், அது இயல்பு. ஐந்து வாரமளவில் வெளியே வரும். ஆண்டுக்கு இரண்டு ஈடு போதும், பிறகு பானையை அவிழ்த்துவிடுங்கள். பல ஜோடிகளை ஒன்றாக வைத்திருந்தால் ஜோடிகளை விடப் பானை அதிகமாக இருக்க வேண்டும். ஒரு பானைக்கு இரண்டு பெண்கள் போட்டியிட்டால் ஒன்று மற்றொன்றின் குஞ்சுகளைக் கொன்றுவிடும்.

பேசுமா?

பேசும், ஆனால் காது கொடுக்க வேண்டும். குரல் மெல்லியது, வேகம் அதிகம். 1,728 சொற்கள் தெரிந்த பக் என்ற கலிபோர்னியா பட்ஜியின் பெயர் 1995ஆம் ஆண்டு கின்னஸ் பதிப்பில் ஏறியது. உங்கள் பறவை ‘வா வா’, ‘சாப்பிட்டியா’ அளவில் நின்றுவிட்டால் குறையொன்றுமில்லை.

ஏன் பேசுகிறது என்பதுதான் சுவையானது. ஜோடி சேரும் ஆண், தன் துணையின் அழைப்பொலியைக் கேட்டுக் கேட்டுத் தன் குரலை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. கூட்டத்தில் ஆயிரம் குரலுக்கு நடுவே ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்க அது உதவுகிறது. வீட்டில் துணையின் இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் ஒலியைப் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஆண் பறவை அதிகம் பேசுகிறது, இன்னொரு பட்ஜி வந்ததும் பலவற்றுக்குப் பேச்சில் ஆர்வம் குறைகிறது.

கையில் வர எப்படிப் பழக்குவது? இறக்கையை வெட்டலாமா?

முதல் வாரம் தொடவே வேண்டாம். கூண்டருகே உட்கார்ந்து பேசுங்கள், படியுங்கள். பிறகு ஒரு தினைக்கதிரைக் கையில் பிடித்துக் கூண்டுக்குள் நீட்டி அசையாமல் காத்திருங்கள். கையிலிருந்து தின்னத் தொடங்கியதும், விரலை வயிற்றுக்குக் கீழே மெல்ல அழுத்தினால் ஏறிக்கொள்ளும். பிடித்து அமுக்கிப் பழக்கியது எதுவும் நிலைப்பதில்லை.

இறக்கையை வெட்ட வேண்டியதில்லை. ஆனால் கூண்டைத் திறக்குமுன் மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் பட்ஜிக்கு முதல் எமன் தலைக்கு மேல் சுழல்கிறது.

உடம்பு சரியில்லை என்பதை எப்படி அறிவது?

கூட்டத்தில் வாழும் பறவை நோயை மறைக்கும். தெரிய வரும்போது பாதி தாண்டியிருக்கும். ஆகவே நலமாக இருக்கும்போதே சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். வீட்டுப் பட்ஜி சுமார் 30 முதல் 40 கிராம். அதில் நான்கு கிராம் குறைந்தாலே பெரிய இழப்பு. நெஞ்செலும்பு கத்தி முனையாகத் தட்டுப்பட்டால் தீவிரம்.

அலகின் ஓரத்தில் சுண்ணாம்புப் பொருக்குப் போலப் படிந்து, கூர்ந்து பார்த்தால் பொடிப்பொடித் துளைகள் தெரிந்தால் அது செதில் உண்ணி. அலகையே கோணலாக்கிவிடும், ஆனால் மருத்துவர் தரும் ஐவர்மெக்டின் சொட்டில் முழுமையாகக் குணமாகும். கடையில் ‘எல்லா நோய்க்கும்’ என்று தரும் மஞ்சள் பொடியைத் தண்ணீரில் கலக்காதீர்கள். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளில் காட்டலாம். போகும் வரை பறவையைச் சிறு பெட்டியில் வெதுவெதுப்பாக வையுங்கள்.

நோயில்லாமலே நிமிடத்தில் கொல்வது புகை. ஒட்டாத பூச்சுள்ள நான்ஸ்டிக் தவா அடுப்பில் மிதமிஞ்சிக் காய்ந்தால் வரும் ஆவி நமக்கு மணம்கூடத் தெரியாது, பட்ஜி அப்படியே விழும். சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், புது பெயிண்ட் எல்லாம் ஆகாது. சமையலறையில் கூண்டு வைக்காதீர்கள்.

நமக்கு நோய் தொற்றுமா?

கிளிக்காய்ச்சல் என்னும் பாக்டீரியாத் தொற்று அரிதாக வரும். உலர்ந்த எச்சத் தூசிதான் வழி. கூண்டைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். விடாத காய்ச்சல், இருமல் என்று மருத்துவரிடம் போனால் வீட்டில் பறவை இருப்பதைச் சொல்லுங்கள்.

எத்தனை ஆண்டு வாழும்?

பொதுவாக ஐந்திலிருந்து பத்து.

பறந்து போய்விட்டால் திரும்பி வருமா?

புறா போல வீடு திரும்பும் அறிவு இதற்குக் கிடையாது. நாடோடிக்குத் திரும்ப வேண்டிய ஊர் ஏது? ஆனால் கூட்டத்தின் குரலைத் தேடும். அதைப் பயன்படுத்துங்கள். துணைப் பறவையின் கூண்டை உடனே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பக்கத்தில் ஒரு காலிக் கூண்டைத் தீனியோடு திறந்து வையுங்கள். துணை இல்லையென்றால், கைபேசியில் அதன் குரலை முன்பே பதிவு செய்து வைத்திருந்தால் ஒலிக்கவிடுங்கள். பெரும்பாலும் முதல் சில மணி நேரம் பக்கத்து மரத்திலேயே திகைத்து உட்கார்ந்திருக்கும். துரத்தினால் இன்னும் தூரம் போகும். காகங்கள் ஓரிடத்தில் கூடிக் கத்தினால் அங்கே போய்ப் பாருங்கள். பொழுது சாயும் முன் ஒருமுறையும் மறுநாள் விடியலில் ஒருமுறையும் பசியோடு குரல் கொடுக்கும். அந்த இரண்டு வேளையும் மாடியில் நில்லுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளிலும் சொல்லி வையுங்கள், பசித்த பட்ஜி யார் தோளிலும் வந்து அமரும்.